சோழியால் கணித்த கிரகணமும் விழுந்துகொண்டிருக்கும் நிலவும்

புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் ஒரு வகை மனிதர்களைப் பற்றிச் சொல்கிறார். ஞாயிறு செல்லும் வழி, அதன் விரைவு, காற்றின் போக்கு, எதன்மீதும் ஊன்றாமல் நிற்கும் வானம் ஆகியவற்றின் அளவையெல்லாம், தாமே அங்கே போய்த் திரும்பியவர்களைப் போல எடுத்துரைக்க வல்லவர்கள் அவர்கள். அத்தகையவர்களாலும் அறிய முடியாதது உன் ஆற்றல் என்று அரசனைப் புகழ்வதற்காகவே புலவர் அவர்களை அழைத்துவருகிறார். ஆயினும் அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு பழைய வியப்பு தங்கியிருக்கிறது. ஒருவர் போகாத இடத்தின் அளவை எவ்வாறு அறிவார்?

இன்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் சூரியக் குடும்பத்தையும் ஈர்ப்பையும் கற்பிக்கும் ஆசிரியரின் முன் இருப்பதும் இதே கேள்விதான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று மாணவர் சொல்கிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால், ‘புத்தகத்தில் இருக்கிறது’ என்பதே பெரும்பாலும் விடை. கல்லூரிக்கு வந்துசேரும் மாணவர்களிடமும் இதே விடையை நாம் கேட்டு வருகிறோம். இந்த விடையில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, தமிழ்நிலத்தில் வானியல் கற்கப்பட்ட வரலாற்றில் மூன்று கிரகணங்களை நினைவுகூர்வது உதவும்.

முதல் கிரகணம் 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, சூரியனின் முகத்தை வெள்ளி கடந்து செல்வதைக் காண்பதற்காக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தவர். 1761இல் போர் காரணமாகக் கப்பலிலேயே அகப்பட்டுக்கொண்டார். எட்டாண்டு காத்திருந்து 1769இல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுவியபோது அன்று காலை மேகம் மறைத்துவிட்டது. அறிவியல் வரலாற்றின் மிகத் துயரமான பயணங்களுள் ஒன்றாக இது சொல்லப்படுகிறது. ஆனால் அவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பவில்லை. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, அதைப் பிரான்சு நாட்டு அறிஞர்களுக்கு எழுதினார். 1765ஆம் ஆண்டுக் கிரகணத்தின் கால அளவை அந்த முறை 41 வினாடி குறைவாகக் கணித்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை என்று மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 வினாடி கூடுதலாகக் கணித்திருந்தன.

இரண்டாவது, 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணம். சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலை அதே ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் இக்கிரகணத்தைக் கணித்துக் காட்டிய விதத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். அக்கணிதரிடம் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி அவற்றையே எண்களாகக் கொண்டு, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து அட்டவணைகளை எடுத்து, கூட்டியும் கழித்தும் விடை கண்டார். எண்களை எழுத்துகளாக்கி, எழுத்துகளைப் பொருள்தரும் சொற்றொடர்களாக்கி நினைவில் இருத்தும் முறை அது. சந்திரனின் நிலைக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. 1952இல் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கபௌவர் இக்கணிப்பை நவீனக் கணக்குடன் ஒப்பிட்டார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. கருவி எதுவுமின்றிச் சோழிகளால் அடைந்த விடை என்று எண்ணும்போது இது சிறிய செயலன்று.

ஆனால் வாரன் மற்றொன்றையும் குறித்துவைத்தார். தாம் செய்த கணக்கின் அடிப்படைக் கோட்பாடு எதுவும் அக்கணிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. நினைவாற்றல் இருந்தது, வழிமுறை வழுவாத கை இருந்தது. ஏன் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், ஏன் இதைக் கழிக்க வேண்டும் என்பதற்கு விடை அவரிடம் இல்லை. அதைத் தேடி ஆராயும் பொறுப்பும் அவருக்கு விதிக்கப்பட்டிருக்கவில்லை.

இதைச் சொல்வதால் நம் மரபில் கோட்பாடே இல்லை என்று கொள்ளலாகாது. 499இல் ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்றார். ஓடத்தில் செல்பவனுக்குக் கரை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதை அவர் உவமையாகக் காட்டினார். கிரகணம் நிழலால் நிகழ்வது என்பதையும் அவர் விளக்கினார். 628இல் பிரம்மகுப்தர் சுழற்சிக் கருத்தை மறுத்து எழுதினார். 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் சித்தாந்த சிரோமணியில், பூமிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு, பொருள்கள் அதனால் பூமியை நோக்கி வருகின்றன, நாற்புறமும் ஒரேபோல வெளி சூழ்ந்திருக்கும்போது பூமி எங்கே போய் விழும் என்று வாதிட்டார். ஆகவே கேள்வி கேட்ட மரபு இருந்தது. நாளடைவில் கணக்கு ஒருவர் கையிலும் காரணம் வேறொருவர் ஏட்டிலுமாகப் பிரிந்துபோனதே நிகழ்ந்தது. கிரகணம் குறித்த நேரத்தில் வந்துகொண்டிருந்ததால் அந்தப் பிரிவை யாரும் பெரிதாக உணரவில்லை போலும்.

மூன்றாவது கிரகணம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். டேனியல் பூவர் அதன் தலைவர். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றோடு கணிதமும் வானியலும் அங்கே இளைஞர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஒரு பகுதிச் சந்திர கிரகணம் வரவிருந்தது. அதற்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் தந்த கணிப்பும், ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு பூவர் செய்த கணிப்பும், தொடங்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபட்டன. பூவர் இந்த வேறுபாட்டை ஊரறியச் செய்தார். குறித்த நாளில் செமினரியின் கணிப்பே பலித்தது. இந்நிகழ்ச்சி பெரும்பாலும் மிஷன் தரப்பினரின் எழுத்துகள் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் அதைப் புராணத்தின்மீது அறிவியலும், அறிவியலின் கைபிடித்துத் தங்கள் சமயமும் பெற்ற வெற்றியாக எழுதினர்.

உண்மையில் அந்த இரவில் எது மெய்ப்பிக்கப்பட்டது?

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. சூரியன், பூமி, நிலவு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தைக் கணிப்பதற்கு எது அசைகிறது, எது நிற்கிறது என்பது தேவையே இல்லை. தாலமியின் முறையிலும் கிரகணம் கணிக்கலாம். சூரிய சித்தாந்தத்தின்படியும் கணிக்கலாம். சாஸ்திரியாரின் கணக்கும் ராகுவின் வாயை அளந்து செய்யப்பட்டதன்று. பூமியின் நிழலை அளந்தே செய்யப்பட்டது. அன்று மோதியவை இரண்டு அட்டவணைகள். அவற்றுள் புதியது வென்றது. ஒரு கிரகணத்தின் துல்லியத்தைக் கொண்டு உலகக் கொள்கையை முடிவு செய்யலாம் என்றால், 1765ஆம் ஆண்டுக் கிரகணத்தில் 41 வினாடிப் பிழையுடன் தமிழ்க் கணக்கு 68 வினாடிப் பிழையுள்ள மாயரை வென்றதே, அப்போது பூமி அசையாமல் நின்றுவிட்டதா?

இங்கே நுட்பமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பூவர் பயன்படுத்திய அட்டவணைகள் ஏன் மேம்பட்டிருந்தன என்ற கேள்விக்கு விடை ஈர்ப்பில்தான் இருக்கிறது. நிலவைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கிறது. அந்த இரட்டை இழுப்பால் நிலவின் நடையில் உண்டாகும் பிறழ்வுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கிளேரோ, ஆய்லர், லாப்லாஸ் முதலியோர் நியூட்டனின் விதியைக் கொண்டு ஆராய்ந்திருந்தனர். ஆகவே வட்டுக்கோட்டையில் ஈர்ப்பு அன்றிரவு இருந்தது; அட்டவணையின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றது. வானத்தை அண்ணாந்து பார்த்த கூட்டத்துக்கு அதைக் காண வழியில்லை. அவர்கள் கண்டது இவ்வளவுதான்: இனிப் பஞ்சாங்கத்தை நம்ப வேண்டாம், பாதிரியாரின் புத்தகத்தை நம்பலாம். நம்பிக்கை இடம் மாறியது. நம்பும் முறை மாறியதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்காலத்தில் இந்தக் குழப்பம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கோப்பர்னிக்கஸ், கலிலியோ ஆகியோரின் நூல்கள் ரோமாபுரியின் தடைப்பட்டியலிலிருந்து 1835இல்தான் நீங்கின. பூமி ஆண்டுதோறும் இடம்பெயர்கிறது என்றால் அருகிலுள்ள விண்மீன்கள் சிறிதளவேனும் இடம் மாறித் தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மிகப் பழையது. அந்த இடமாற்றத்தை பெசல் அளந்து வெளியிட்டது 1838இல்தான். அதாவது 1829ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையின் கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, பூமி நகர்கிறதென்றால் விண்மீன்கள் ஏன் அசையவில்லை?’ என்று கேட்டிருந்தால், அவை அளக்க முடியாத தொலைவில் உள்ளன என்பதற்குமேல் எந்த ஆசிரியரும் சொல்லியிருக்க முடியாது. விண்மீன்களின் ஒளி பூமியின் வேகத்தால் சற்றே சாய்ந்து வருவதாக 1728இல் பிராட்லி கண்டறிந்தது வலிமையான சான்று. ஆனால் அது வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதன்று.

இம்மூன்று கிரகணங்களுக்குப் பின்னர், வேறொரு வழியைத் தேர்ந்த ஒருவரை நாம் சென்னையில் சந்திக்கிறோம். சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்ச்சியையும் அதைக் கொண்டு சூரியனின் தொலைவு எவ்வாறு அறியப்படும் என்பதையும் விளக்கும் சிறுநூல் ஒன்றை எழுதினார். அதை ஆங்கிலத்தோடு நிறுத்திவிடாமல் இந்திய மொழிகளிலும் கொண்டுவர முயன்றார். பஞ்சாங்கத்தை அவர் எள்ளி நகையாடவில்லை. கண்ணால் கண்டு சரிபார்த்த எண்களைக் கொண்டு அதைத் திருத்த வேண்டும் என்றார். திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடியவர்களுள் அவர் முக்கியமானவர். ‘என் எண்ணை நம்புங்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘இந்த எண் எப்படி வருகிறது, பாருங்கள்’ என்பதே அவர் எடுத்த நிலை. முதுகண்ணன் சாத்தனாரின் வியப்புக்கு நம் மண்ணில் எழுந்த நேரான விடைகளுள் ஒன்று இது. உலகின் இரண்டு மூலைகளிலிருந்து வெள்ளியைப் பார்த்து, தோற்ற வேறுபாட்டை அளந்து, முக்கோணம் வரைந்தால், போகாமலே சூரியனின் தொலைவைச் சொல்லிவிடலாம்.

இனி ஈர்ப்புக்கு வருவோம். தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இங்கே நாம் தயங்காமல் நுழையக்கூடிய ஒரு வாசல் இருக்கிறது. அது சொல்லின் வாசல். வடமொழியில் கிரகம் என்றால் பற்றிக்கொள்வது. தமிழில் கோள் என்பதும் கொள்ளுதலிலிருந்து வந்ததே. மனிதரைப் பிடித்தாட்டுவன என்ற நினைவில் எழுந்த பெயர்கள் இவை. ஆனால் இன்று நாம் அறிந்த உண்மையில் கோள்களே பிடிபட்டவை; அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சூரியன். நவக்கிரகங்களுள் சூரியனும் சந்திரனும் ராகு கேதுக்களும் உண்டு, பூமி இல்லை. பாடநூலின் எட்டுக் கோள்களுள் பூமி உண்டு, அந்த நான்கும் இல்லை. ஒரே சொல் இரண்டு பட்டியல்களுக்கும் பெயராக நிற்கிறது. 2006இல் புளூட்டோ பட்டியலிலிருந்து நீங்கியபோது பல மாணவர் அதை யாரோ மேலிடத்தில் எடுத்த முடிவாக மட்டுமே புரிந்துகொண்டனர். எதைக் கோள் என்கிறோம், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்ற உரையாடல் வகுப்பில் நடந்திருந்தால் அந்த ஆண்டு ஒரு நல்ல பாடமாகியிருக்கும்.

இதனினும் பெரிய தடை ‘புவியீர்ப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. புவிக்கு உரிய ஈர்ப்பு என்று அது பொருள் தருகிறது. மாணவரும் அப்படியே கொள்கிறார்: இழுப்பது பூமி, இழுபடுவது கல். பூமியை விட்டு வெளியே போனால் ஈர்ப்பு முடிந்துவிடும் என்று முடிவு கட்டுகிறார். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைத் தொலைக்காட்சியில் கண்டதும் அந்த எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்நிலையத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அளவு இருக்கிறது. அவர்கள் நிலையத்தோடு சேர்ந்து இடைவிடாமல் விழுந்துகொண்டிருப்பதாலேயே எடையை உணர்வதில்லை.

பாஸ்கரர் சொன்னது புவியீர்ப்பு. நியூட்டன் சொன்னது ஈர்ப்பு. இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு ‘புவி’ என்ற ஒரு சொல் நீங்குவதில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது. மாங்காயைப் பூமி இழுக்கும் அதே அளவில் மாங்காயும் பூமியை இழுக்கிறது. தொலைவு இரு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. இந்த மூன்றும் பாஸ்கரரிடம் இல்லை. ‘நியூட்டனுக்கு முன்பே நாங்கள் சொல்லிவிட்டோம்’ என்ற பெருமிதம் மேடையில் கைத்தட்டல் பெறும். ஆனால் பாஸ்கரரின் கேள்வியின் அழகையும், நியூட்டனுடைய விடையின் வீச்சையும் அது ஒருசேர மறைத்துவிடும்.

அந்த விடையின் வீச்சைக் காட்டப் பள்ளிக் கணிதமே போதும். கையிலிருந்து விட்ட கல் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலவு பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 பூமி ஆரங்களின் தொலைவில் இருக்கிறது. தொலைவு 60 மடங்கு என்றால் இழுப்பு 3600இல் ஒரு பங்கு. ஆகவே நிலவு ஒரு வினாடியில் 1.36 மில்லிமீட்டர் விழ வேண்டும். இது எதிர்பார்ப்பு. இனிச் சோதனை. நிலவின் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், அது ஒரு சுற்று முடிக்க 27.3 நாள். இவ்விரண்டையும் கொண்டு, நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய நிலவு ஒரு வினாடியில் எவ்வளவு உள்நோக்கி வளைகிறது என்று கணக்கிட்டால் வருவதும் அதே 1.36 மில்லிமீட்டர். வேறு விதமாகச் சொன்னால், முற்றத்தில் கல் ஒரு வினாடியில் விழும் தொலைவை வானத்தில் நிலவு ஒரு நிமிடத்தில் விழுகிறது. நியூட்டன் 1687இல் தம் நூலில் வைத்த வாதம் இதுவே. முற்றத்துக்கும் வானத்துக்கும் ஒரே சட்டம் என்பதை ஒரு பலகையில் பத்து வரிகளில் காட்டிவிடலாம். நிலவு ஏன் விழவில்லை என்று கேட்ட பிள்ளை, அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்ற இடத்துக்குத் தானே கணக்குப் போட்டு வந்து சேரும்.

அளவுகளின் உணர்வும் இதனுடன் சேர வேண்டும். பாடநூல் படத்தில் கோள்கள் அடுத்தடுத்து வரிசையாக நிற்கின்றன. பக்கத்தின் அகலம் அவ்வளவுதான் என்பதால் அச்சிட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளி மைதானத்தில் சூரியனை ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக வரைந்தால், பூமி 107 மீட்டர் அப்பால் வைத்த ஒரு கொண்டைக்கடலை. நிலவு அந்தக் கடலையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே தள்ளிக் கிடக்கும் கடுகு. நெப்டியூனை வைக்க மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இடையில் உள்ளதெல்லாம் வெறுமை. அவ்வளவு வெறுமையையும் கடந்து அந்த ஒரு மீட்டர் வட்டம் அடுத்த ஊர்வரை பிடித்து வைத்திருக்கிறது என்று உணரும்போதுதான் ஈர்ப்பு என்ற சொல்லுக்குப் பிள்ளையின் மனத்தில் எடை ஏறும்.

சோழிக் கணிதரின் அறிவுக்கும் இந்த அறிவுக்கும் உள்ள வேறுபாடு துல்லியத்தில் இல்லை. சில சமயங்களில் அவருடைய கணக்கு மிகத் துல்லியமாக இருந்தது. வேறுபாடு, கணக்கு தவறும்போது தெரிகிறது. 1825இல் கிரகணத்தின் முடிவு 52 நிமிடம் பிசகியபோது, பிழை எங்கே நுழைந்தது என்று சோழிகள் சொல்ல முடியாது. யுரேனஸ் கணித்த வழியில் செல்லவில்லை என்று தெரிந்தபோது, அதை இழுக்கும் வேறொரு கோள் இருக்க வேண்டும் என்று லெ வெரியே ஈர்ப்பு விதியைக் கொண்டே கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் காணப்பட்டது. அதே லெ வெரியே புதனின் பாதையில் கண்ட பிசகுக்கும் அதே போன்ற விளக்கம் தந்து, சூரியனுக்கருகில் ஒரு கோளை எதிர்பார்த்தார். அது கிடைக்கவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய புரிதலையே மாற்றியபோதுதான் புதனின் கணக்கு நேரானது. ஒரு முறை வென்று, மறுமுறை தோற்று, தோற்ற இடத்திலிருந்து மேலும் ஆழமாகச் சென்ற அறிவு இது. பாடநூலில் வென்ற கதை மட்டும் வருகிறது. தோற்ற கதையையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் அறிவியலைக் குறைத்து மதிப்பிடுவார் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்குக் காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் தரையில் அமர்ந்து சோழி பரப்பியவரை நாம் இரக்கத்துடன் நோக்குகிறோம். ஆனால் எட்டுக் கோள்களின் பெயரையும், அவற்றின் துணைக்கோள்களின் எண்ணிக்கையையும், ஈர்ப்பு மாறிலியின் மதிப்பையும் ஒப்பிக்கும் நம் பிள்ளைகள் செய்வது என்ன? வாக்கியங்கள் மாறியிருக்கின்றன, சோழிகள் விடைத்தாள்களாகியிருக்கின்றன. அவர் ஒப்பித்ததில் பிழை 52 நிமிடம், இவர்கள் ஒப்பிப்பதில் பிழையே இல்லை என்பது ஆறுதல் தருவதாக இல்லை. அவராவது தம் கணக்கைத் தாமே போட்டார். கிரகணத்தன்று இரவு வெளியே வந்து, அது வருகிறதா என்று வானத்தைப் பார்த்திருப்பார். ஈர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், தேர்வுக்கு முந்திய ஏதேனும் ஒரு வளர்பிறை நாளில், தம் மாணவர்களை ஒருமுறையேனும் வாசலுக்கு அழைத்து வந்து, நிலவு எத்தனை மில்லிமீட்டர் விழுகிறது என்று கேட்கட்டும். கணக்குப் போடப் பலகை வேண்டியதில்லை. தரையே போதும், சோழி இருந்தாலும் நல்லதுதான்.